கார் விற்பனை யார்டுகளின் வெளி விளக்குகளை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கார் ஷோரூம்களுக்கும், பயன்படுத்திய கார்களை வாங்கி விற்கும் யார்டுகளுக்கும் வெளி விளக்குப் பணிகளைச் செய்து தருவது என் தொழில். தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை ஓரங்களிலும் புறவழிச் சாலைகளிலும் அமைந்துள்ள இந்த இடங்களில் ஊர் மாறினாலும் கேட்கப்படும் ஐயங்கள் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து எண்ணிட்டு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

மாலை ஆறு மணியிலிருந்து கடை மூடும் வரை யார்டு விளக்கின் வேலை வண்டியை விற்பது. மூடிய பின் விடியும் வரை அதன் வேலை வண்டியைக் காப்பது. இந்த இரண்டு வேலைகளுக்கும் ஒரே வெளிச்சத்தை இரவு முழுவதும் எரியவிடும் பழக்கத்திலிருந்துதான் மிகுதியான மின் கட்டணமும் பாதுகாப்புக் குறைகளும் தோன்றுகின்றன என்பது என் அனுபவம். கீழே வரும் விடைகள் பலவும் இந்தப் பிரிவினையையே அடிப்படையாகக் கொண்டவை.

1. எங்கள் யார்டில் எல்லா விளக்கும் நன்றாகத்தானே எரிகிறது? எரிகிற விளக்கை எதற்காகக் கழற்ற வேண்டும்?

எரிவது வேறு, வெளிச்சம் தருவது வேறு. பழைய யார்டுகளில் பெரும்பாலும் 400 வாட் அல்லது 250 வாட் மெட்டல் ஹாலைட் ஃப்ளட் லைட்டுகளே உள்ளன. இந்தப் பல்பு தன் ஆயுளின் பிற்பகுதிக்கு வரும்போது, தொடக்கத்தில் தந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ இழந்திருக்கும். ஆனால் இழுக்கும் மின்சாரம் குறைவதில்லை. அதோடு, 400 வாட் என்பது பல்பின் கணக்கு மட்டுமே. பல்புக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஒரு விளக்கு ஏறக்குறைய 450 வாட் எடுக்கும்.

ஐயம் இருந்தால் ஒரு கம்பத்தில் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் புதிய ஹாலைட் பல்பைப் பொருத்தி, இரவில் பக்கத்துக் கம்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர்கூடத் தேவைப்படாத அளவுக்கு வேறுபாடு கண்ணிலேயே தெரியும்.

2. 400 வாட் ஹாலைட்டுக்குப் பதிலாக எத்தனை வாட் எல்இடி போட வேண்டும்? ஒருவர் 100 என்கிறார், இன்னொருவர் 250 என்கிறார்.

வாட் என்பது செலவின் அளவு. வெளிச்சத்தின் அளவு லூமென். புதிய 400 வாட் ஹாலைட் பல்பு 32,000 முதல் 36,000 லூமென் வரை தரும். ஆனால் அது எல்லாத் திசைகளிலும் வெளிச்சத்தை வீசுவதால், ஃபிட்டிங்கின் பிரதிபலிப்பானில் பட்டுத் தரைக்கு வந்து சேரும்போது அதில் ஒரு பகுதி வீணாகிவிடும். எல்இடி விளக்கில் லென்ஸ் இருப்பதால் வெளிச்சம் வேண்டிய இடத்துக்கு மட்டும் செல்கிறது. இன்று கிடைக்கும் தரமான ஃப்ளட் லைட் ஒரு வாட்டுக்கு 130 முதல் 150 லூமென் தருவதால், பெரும்பாலான யார்டுகளில் 150 முதல் 200 வாட் போதுமானதாக இருக்கிறது.

மேற்கண்ட எண்ணைப் பொதுவிதியாகக் கொள்ளக் கூடாது. கம்பத்தின் உயரம், கம்பங்களுக்கு இடையிலான தூரம், லென்ஸ் வகை ஆகிய மூன்றும் தெரியாமல் வாட்டைச் சொல்பவர், நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுகிறார் என்றே கருதுவேன்.

3. உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? விளம்பரக் கணக்கு வேண்டாம், நம்பும்படியான கணக்கைக் காட்டுங்கள்.

பதினாறு ஹாலைட் விளக்குகள் உள்ள நடுத்தர யார்டை எடுத்துக்கொள்வோம். 16 விளக்குகள், ஒவ்வொன்றும் 450 வாட், நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்றால் நாளுக்கு 86.4 யூனிட், ஆண்டுக்கு 31,536 யூனிட். அதே இடத்தில் 150 வாட் எல்இடி பொருத்தினால் ஆண்டுக்கு 10,512 யூனிட். கடை மூடும் பத்து மணிக்குப் பிறகு வெளிச்சத்தை 30 சதவீதத்துக்குக் குறைத்தால் அது ஏறக்குறைய 5,600 யூனிட்டாக இறங்கும். கணக்கு எளிதாக இருக்க யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விளக்கை மாற்றியதால் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,10,000 ரூபாயும், நேரத்துக்கேற்பக் குறைத்ததால் மேலும் 49,000 ரூபாயும் மிச்சமாகும். உங்கள் கட்டண அட்டையில் உள்ள விகிதத்தை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் நான் இரண்டைச் சேர்க்கவில்லை. வணிக இணைப்புகளில் யூனிட் கட்டணத்தோடு கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணமும் உண்டு. விளக்குச் சுமை 7.2 கிலோவாட்டிலிருந்து 2.4 கிலோவாட்டாகக் குறைந்தாலும், அனுமதிக்கப்பட்ட சுமையைக் குறைக்கும்படி மின்வாரியத்தில் விண்ணப்பித்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும். பலரும் இதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள். மற்றொன்று பராமரிப்பு. உயரமான கம்பத்தில் ஒரு பல்பை மாற்ற ஏணி வண்டியை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு, பல்பின் விலையைவிட அந்த வாடகையே பெரிய செலவாக இருக்கும்.

4. புதிய விளக்கு வாங்காமலே மிச்சம் செய்ய வழியே இல்லையா?

உண்டு, அதைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன். விளக்குகளை இரண்டு சுற்றுகளாகப் பிரித்து, பத்து மணிக்குப் பிறகு ஒரு சுற்றை டைமர் மூலம் அணைத்துவிட்டால், மேலே சொன்ன யார்டில் பழைய ஹாலைட் விளக்குகளைக் கொண்டே ஆண்டுக்கு 10,512 யூனிட் குறையும். எந்த எட்டு விளக்குகளை அணைப்பது என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக அணைத்தால் இருட்டுத் திட்டுகள் உண்டாகும்.

டைமர் வாங்கும்போது சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர அளவுக்கே முன்பின்னாக மாறினாலும், நவம்பரில் வைத்த நேரத்தை யாரும் மாற்றாமல் விட்டுவிடுவதால், மே மாதத்தில் வெயில் இருக்கும்போதே விளக்குகள் எரிவதை நெடுஞ்சாலையில் செல்லும் எவரும் பார்க்கலாம்.

5. யார்டுக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்று எப்படி முடிவு செய்வது?

ஓரிடத்தில் வந்து விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். சாதாரண வாகன நிறுத்துமிடங்களுக்கு ஐரோப்பியத் தரமான ஈஎன் 12464-2 நடமாட்டத்தைப் பொறுத்து 5, 10, 20 லக்ஸ் என மூன்று நிலைகளைப் பரிந்துரைக்கிறது. வண்டி நிறுத்த அது போதும். வண்டியை விற்க அது போதாது. சாலையைப் பார்த்து நிற்கும் முன்வரிசைக்கு 150 முதல் 200 லக்ஸ், வாடிக்கையாளர் நடந்து பார்க்கும் உள்வரிசைகளுக்கு 30 முதல் 50 லக்ஸ், பின்னால் உள்ள ஸ்டாக் யார்டுக்கு 10 முதல் 20 லக்ஸ் என்ற அளவில்தான் நான் திட்டமிடுகிறேன். கடை மூடிய பின் முன்வரிசையையும் ஸ்டாக் யார்டின் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சராசரி எண்ணைவிடச் சீர்மை முக்கியம். ஓரிடத்தில் 200 லக்ஸும் பத்தடி தள்ளி 3 லக்ஸும் இருந்தால், பிரகாசத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த 3 லக்ஸ் முழு இருட்டாகவே தோன்றும். காவலாளி அந்த இருட்டுக்குள் பார்க்க முடியாது; உள்ளே நிற்பவனோ காவலாளியைத் தெளிவாகப் பார்ப்பான்.

6. பளீரென்று வெள்ளையாக எரிந்தால்தானே வண்டி எடுப்பாகத் தெரியும்? 6500 கெல்வின் போட்டுவிடலாமா?

கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறச் சாயலைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூட நீலம் தூக்கலாகும். சந்தையில் எளிதில் கிடைப்பது 6500தான் என்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் நீலம் தூக்கலான அந்த வெளிச்சத்தில் சிவப்பு, மெரூன், பழுப்பு நிற வண்டிகள் மங்கிப் போகின்றன; கண்கூச்சமும் அதிகம். 4000 கெல்வின் என்பதே என் பரிந்துரை. அதோடு, கெல்வினைவிட நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள். மஞ்சளாக எரியும் சோடியம் விளக்குக்கு இது 20 முதல் 25 வரை மட்டுமே என்பதால்தான் அதன் கீழ் நீல வண்டி கறுப்பாகவும், வெள்ளை வண்டி மஞ்சளாகவும் தெரிகிறது. முன்வரிசைக்கு 80 இருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு 70 போதும்.

பழைய கார் யார்டு ஒன்றில், மாலையில் சோடியம் வெளிச்சத்தில் வண்டியைப் பார்த்து முன்பணம் கொடுத்த ஒருவர், மறுநாள் பகலில் ஒரு கதவு மட்டும் வேறு சாயத்தில் மறுவண்ணம் பூசப்பட்டிருப்பதைக் கண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றார். அந்த உரிமையாளரிடம் நல்ல விளக்கைப் பரிந்துரைத்தபோது, “மறைப்பதற்கு இதுதானே வசதி” என்று சிரித்தார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது மூன்றாவது முறையான பிறகு அவரே கூப்பிட்டு விளக்கை மாற்றச் சொன்னார்.

7. விளக்கு நிறைய இருந்தால் திருடன் வரமாட்டான், அவ்வளவுதானே?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. நியூயார்க் நகரில் 2016இல் அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றுக்கு மட்டும் கோபுர விளக்குகள் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வில், இரவில் திறந்தவெளியில் நடக்கும் கடுமையான குற்றங்கள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்தன. மாறாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளை எடுத்துக்கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, தெருவிளக்குகளை அணைத்ததாலோ குறைத்ததாலோ குற்றம் பெருகியதற்குச் சான்று இல்லை என்று கண்டது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் பாதுகாப்பைத் தருகிறது என்பதே. காவலாளியும் கேமராவும் இல்லாத பின்பக்கத்தில் எரியும் விளக்கு, ஸ்டெப்னியையும் பேட்டரியையும் கழற்ற வருபவனுக்கு டார்ச் செலவை மிச்சப்படுத்துகிறது. யார்டுகளில் முழு வண்டியைவிட இப்படி உதிரியாகக் கழற்றக்கூடியவையே அதிகம் போகின்றன. சைலன்சர் குழாயோடு இணைந்த, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் விலையுயர்ந்த பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதற்கும் குறி வைக்கிறார்கள். இந்த வேலை முழுவதும் வண்டிக்கு அடியிலும் இரு வண்டிகளுக்கு நடுவிலும் நடப்பது என்பதை விளக்கின் கோணத்தை முடிவு செய்யும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

8. வெளிச்சம் நன்றாக இருந்தும் கேமராவில் ஆளின் முகம் தெரியவில்லையே, ஏன்?

விளக்குகள் தரையை நோக்கி வெளிச்சம் தருகின்றன. முகமோ செங்குத்தாக இருக்கிறது. கம்பத்துக்கு நேர் கீழே நிற்பவரின் தலையும் தோளும் பளிச்சென்றும், கண்ணும் வாயும் நிழலாகவும் கேமராவில் பதியும். ஆகவே வாயில், சாவி அறை, அலுவலகக் கதவு ஆகிய இடங்களில் மட்டும் மூன்று மீட்டர் அளவில் தாழ்வாக, வருபவரின் முகத்தில் படும் வகையில் மென்மையான ஒரு விளக்கைத் தனியாகப் பொருத்த வேண்டும். இதற்கு 20 அல்லது 30 வாட்டே போதும்.

இன்னொரு காரணம், விளக்கையே கேமரா பார்ப்பது. அதன் பார்வைக்குள் ஒரு ஃப்ளட் லைட் இருந்தால், அந்தப் பிரகாசத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். விளக்கு பொருத்துபவரும் கேமரா பொருத்துபவரும் ஒரே நாள் இரவில் சேர்ந்து வந்து திரையைப் பார்த்தபடி கோணத்தைத் திருப்பினால் அரை மணி நேரத்தில் தீரும் குறை இது; ஆனால் அவர்களை ஒரே நாளில் வரவைப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கடினமான காரியம்.

9. கரண்ட் போய் உடனே வந்தாலும் விளக்கு எரிய ரொம்ப நேரம் ஆகிறது. இது பழுதா?

பழுதன்று, ஹாலைட் பல்பின் இயல்பு. அணைந்த பல்பு குளிர்ந்த பிறகே மீண்டும் பற்றும். அதற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் வரை ஆகலாம். மின்சாரம் ஒரு நொடி தடுமாறினாலும், ஜெனரேட்டருக்கு மாறினாலும் இதே நிலைதான். உங்கள் யார்டு அவ்வளவு நேரம் இருட்டில் கிடப்பதை நாலு நாள் நோட்டம் பார்க்கும் எவரும் அறிந்துகொள்ளலாம். எல்இடி உடனே எரியும் என்பதோடு, சுமை குறைவு என்பதால் வாயில் விளக்கையும் பின்சுவர் விளக்குகளையும் ஒரு சிறிய இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாம். மின்சாரச் சேமிப்பு என்ற கணக்கே இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் விளக்கை மாற்றச் சொல்வேன்.

10. இரவில் 30 சதவீதத்துக்குக் குறைத்தால் பாதுகாப்பு குறைந்துவிடாதா? சென்சார் போட்டால் போதுமா?

ஐந்தாம் விடையில் சொன்ன சீர்மை காக்கப்பட்டால் குறையாது. எல்லா விளக்குகளும் ஒரே அளவில் குறையும்போது கண் அதற்குப் பழகிக்கொள்கிறது. முன்வரிசையின் கண்கூசும் பிரகாசம் இல்லாததால், காவலாளிக்குப் பின்வரிசை முன்னைவிட நன்றாகவே தெரியும். ஆள் நடமாடும்போது அந்தப் பகுதியின் விளக்குகள் மட்டும் முழு அளவுக்கு உயரும்படி சென்சார் வைத்தால், அந்த மாற்றமே காவலாளியைத் திரும்பிப் பார்க்க வைக்கும். எப்போதும் முழுதாக எரியும் விளக்கால் இதைச் செய்ய முடியாது. ஆனால் முழுவதும் அணைத்துவிட்டுச் சென்சாரை மட்டும் நம்புவதை நான் ஏற்பதில்லை.

சென்சாரைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத இரண்டு செய்திகள் உண்டு. உடல் வெப்பத்தை உணரும் வகை, சுற்றுப்புறத்துக்கும் மனித உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பியே இயங்குகிறது. நம் ஊர்க் கோடையில், பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தரை இரவிலும் அனல் வீசும்போது அதன் கூர்மை குறைந்துவிடும். நுண்ணலை வகைக்கு அந்தக் குறை இல்லை என்றாலும், காற்றில் ஆடும் வேப்பங்கிளையையும் தோரணத்தையும் அது ஆளாகவே எண்ணிக்கொள்ளும். தெருநாய்களோ இரண்டையும் ஏமாற்றும். ஆகவே பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு வாரம் பதிவைப் பார்த்து, உணர்திறனைத் திருத்திய பிறகே பணி முடிந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

11. பழைய ஃபிட்டிங்கிலேயே எல்இடி பல்பை மட்டும் திருகிவிட்டால் செலவு குறையுமே?

குறையும், சில மாதங்களுக்கு. சோளக்கதிர் வடிவில் வரும் அந்தப் பல்புகள் மூடிய ஃபிட்டிங்குக்குள் வெப்பம் வெளியேற வழியின்றிச் சீக்கிரம் கெடுகின்றன. பழைய பிரதிபலிப்பான் வேறு வகைப் பல்புக்காக வளைக்கப்பட்டது என்பதால் வெளிச்சமும் தாறுமாறாக விழும். இவற்றைவிட ஆபத்தானது, உள்ளே இருக்கும், ஹாலைட் பல்பைப் பற்றவைக்கும் இக்னிட்டரையும் சோக்கையும் நீக்காமல் பல்பை மட்டும் மாற்றுவது. இக்னிட்டர் அனுப்பும் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு எல்இடியின் மின்சுற்றைக் கொன்றுவிடும்.

12. நல்ல கம்பெனி விளக்குதான் வாங்கினோம். ஆறே மாதத்தில் பாதி போய்விட்டது. எல்இடியே இப்படித்தானா?

நான் பார்த்தவரை, கெட்டுப்போவது எல்இடி சில்லு அன்று. அதற்கு மின்சாரம் தரும் டிரைவர். அதைக் கெடுப்பவற்றில் முதலாவது நியூட்ரல் கோளாறு. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ, 230 வோல்ட்டில் இயங்க வேண்டிய விளக்குக்கு 400 வோல்ட் வரை ஏறலாம். பருத்த செம்புச் சுருளான பழைய சோக் இதைச் சற்று நேரம் பொறுத்துக்கொள்ளும். எல்இடி டிரைவர் பொறுக்காது. 440 வோல்ட் வரை தாங்கும் டிரைவர் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கேட்க வேண்டும். பல விளக்குகள் ஒரே இரவில் போயிருந்தால் விற்றவரோடு சண்டையிடும் முன், பேனலில் நியூட்ரல் இணைப்பைப் பாருங்கள்.

இரண்டாவது இடி. சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வருபவை. திறந்த யார்டில் உயர்ந்து நிற்பவை உங்கள் கம்பங்களே. 10 கிலோவோல்ட் மின்னெழுச்சிக் காப்பான் ஒவ்வொரு விளக்கிலும் இருக்க வேண்டும், கம்பத்துக்கு எர்த்து சரியாக இருக்க வேண்டும். எர்த்து இல்லாத கம்பத்தில் அந்தக் காப்பான் இருந்தும் பயனில்லை. மூன்றாவது தண்ணீர். தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி 65 என்று அச்சிட்ட விளக்கை வாங்கி, வயர் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டை இறுக்காமல், இணைப்பை வெறும் டேப் சுற்றி விட்டுச் செல்லும் வேலையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

13. பழைய கம்பங்களையே பயன்படுத்தலாமா? எங்கள் யார்டு கடலோரத்தில் இருக்கிறது.

கம்பம் தரையைச் சந்திக்கும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு உரிந்து வந்தாலோ ஓசை மந்தமாக இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். இந்தியத் தரமான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின்படி, கட்டுமானங்களை வடிவமைக்கக் கணக்கில் கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை, தூத்துக்குடி போன்ற இடங்களில் துத்தநாகம் தோய்த்த கம்பமும், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் கட்டாயம்.

எல்இடி விளக்கு பெரும்பாலும் பழைய ஹாலைட் பெட்டியைவிட மெலிந்தது என்பதால் காற்றுச் சுமை கூடுவதில்லை. சுமையைக் கூட்டுவது பண்டிகைச் சலுகை அறிவிக்க இரு கம்பங்களுக்கு நடுவில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர். அதை விளக்குக் கம்பத்தில் கட்டாதீர்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் கட்டுகிறார்கள்.

14. மழை விட்டதும் ஈசல் வந்து மொய்த்து, துடைத்து வைத்த வண்டியெல்லாம் இறக்கையாகக் கிடக்கிறது. இதற்கு வழி உண்டா?

முழுத் தீர்வு இல்லை, குறைக்கலாம். ஹாலைட் விளக்கு புற ஊதாக் கதிரையும் சிறிது வெளியிடுவதால் பூச்சிகளை மிகவும் ஈர்க்கும். எல்இடியில் அது ஏறக்குறைய இல்லை. ஆனால் நீலக்கூறு மிகுந்த 6500 கெல்வின் போட்டால் பூச்சிகள் வரத்தான் செய்யும். ஆறாம் விடையில் 4000 கெல்வின் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். ஈசல் பறக்கும் மாலைகளில், வண்டிகளிலிருந்து தள்ளி மதில் ஓரமாக ஒரு விளக்கை எரியவிட்டு, முன்வரிசையை ஒரு மணி நேரம் குறைத்து வைப்பது நம் வீடுகளில் செய்யும் பழைய தந்திரம்தான். யார்டிலும் அது பலிக்கிறது.

15. சாலையில் போகிறவர்களும் பின்வீட்டுக்காரரும் கண் கூசுகிறது என்கிறார்கள். வெளிச்சத்தைக் குறைக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

ஃப்ளட் லைட்டை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தியிருப்பதே பெரும்பாலும் காரணம். கம்பத்திலிருந்து தொலைவில் உள்ள வண்டிக்கு வெளிச்சம் போக வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் விளக்கைத் தூக்கி வைக்கிறார். அந்த வெளிச்சத்தில் பாதி நெடுஞ்சாலைக்குச் சென்றுவிடுகிறது. ஒருபக்கமாக வெளிச்சத்தை வீசும் லென்ஸ் கொண்ட விளக்கைத் தரைக்கு இணையாகப் பொருத்தினால், வண்டிகளுக்கு வேண்டியது கிடைக்கும். அதிவேகமாக வரும் ஓட்டுநரின் கண்ணில் விளக்கு படாது. வெளிச்சம் குறையாமலே புகார் நிற்கும்.

16. சோலார் விளக்கு போட்டால் கரண்ட் பில்லே வராதே?

கேபிள் இழுக்க முடியாத மூலை மதிலுக்கும், தற்காலிகமாக எடுத்த ஸ்டாக் யார்டுக்கும் அது சரியான தேர்வு. முன்வரிசைக்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மூன்று நாள் வானம் மூடியிருக்கும்போது பேட்டரி தாங்குமா என்று கேட்டுப் பாருங்கள். மழை இரவில்தான் காவலாளியும் அறைக்குள் இருப்பார் என்பதால் அந்த இரவுகளில் விளக்கு அணைவதை ஏற்க முடியாது.

17. கோட்டேஷன் மூன்று வந்திருக்கிறது, விலை ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வேறுபடுகிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில், விளக்கின் மீது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எல்இடி ஃப்ளட் லைட்டுகள் ஐஎஸ் 10322 தரத்தின் கீழ் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. அடுத்து, எல்எம்-79 என்ற ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். விளக்கு உண்மையில் எத்தனை லூமென் தருகிறது, எத்தனை வாட் எடுக்கிறது என்பது அதில் இருக்கும். சுற்றுப்புறம் 45 டிகிரி இருந்தாலும் இயங்கும் என்ற உறுதி எழுத்தில் வேண்டும். உங்கள் யார்டின் அளவுகளை இட்டு டயாலக்ஸ் போன்ற மென்பொருளில் வரைந்த வெளிச்ச வரைபடத்தையும் கேளுங்கள். அந்த மென்பொருள் இலவசமாகவே கிடைப்பதால், அதைத் தர மறுப்பவருக்கு உழைக்க மனமில்லை என்று பொருள்.

உத்தரவாதத்தில் ஐந்தாண்டு என்ற சொல்லைவிட அது எதற்கு என்பது முக்கியம். டிரைவரும் அதில் அடங்குமா, கழற்றி மாட்டும் கூலியும் ஏணி வண்டி வாடகையும் யாருடையவை என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் மூவரையும் ஆளுக்கு ஒரு கம்பத்தில் ஒரு விளக்கைப் பொருத்தச் சொல்லி ஒரு வாரம் எரியவிடுங்கள். விலைப்பட்டியல் சொல்லாததை அந்த மூன்று கம்பங்கள் சொல்லிவிடும்.

18. கழற்றிய பழைய பல்புகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

சோக்கில் செம்பும் இரும்பும் இருப்பதால் அதற்கு விலை கிடைக்கும். பல்பை அப்படித் தரக் கூடாது. ஹாலைட், சோடியம் பல்புகள் இரண்டிலும் பாதரசம் உண்டு. பாதரச விளக்குகள் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளுக்குள் வருவதால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் தந்து ரசீது பெற வேண்டும். அதுவரை பல்புகளை உடையாமல் அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

19. இடம் வாடகை. இன்னும் இரண்டு ஆண்டுதான் ஒப்பந்தம் இருக்கிறது. இதில் பணம் போடுவது புத்திசாலித்தனமா?

மூன்றாம் விடையின் கணக்கையே இங்கும் பயன்படுத்துங்கள். விளக்கும் பொருத்துக் கூலியும் சேர்த்து ஒன்றுக்கு 20,000 ரூபாய் ஆகிறது என்று சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொண்டால், பதினாறுக்கு 3,20,000 ரூபாய். ஆண்டு மிச்சம் ஏறக்குறைய 2,59,000 ரூபாய் என்பதால் பதினைந்து மாதங்களில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் பல யார்டுகளில் விளக்குகள் ஆறேழு மணி நேரமே எரிகின்றன. அங்கே இந்தக் காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு அது ஒத்துவராது. எதுவாயினும் கம்பமும் கேபிளும் இட உரிமையாளருக்கு, விளக்கும் டைமரும் நமக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், போகும்போது விளக்குகளைக் கழற்றி அடுத்த யார்டுக்குக் கொண்டு செல்லலாம்.

20. ஒரேயடியாக மாற்ற இப்போது பணமில்லை. எதிலிருந்து தொடங்குவது?

நான்காம் விடையில் சொன்ன டைமரை இந்த மாதமே பொருத்துங்கள். அதில் மிச்சமாகும் தொகையைக் கொண்டு, எட்டாம் விடையில் குறிப்பிட்ட வாயிலுக்கும் சாவி அறைக்கும் தாழ்வான விளக்குகளையும், பின்சுவருக்கு உடனே எரியும் எல்இடிகளையும் வாங்குங்கள். முன்வரிசை கடைசியில் வரட்டும். அங்குதான் செலவு அதிகம். மூடிய பிறகு அந்த ஹாலைட்டுகள் அணைந்தே கிடந்தால், அதுவரை அவை இருப்பதால் பெரிய நட்டம் இல்லை.

பின்சுவரில் எந்த இடம் என்பதை வரைபடம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் காவலாளியோடு யார்டைச் சுற்றி நடந்து, எந்தப் பக்கம் தனியாகப் போக அவருக்கு விருப்பமில்லை என்று கேளுங்கள். முதல் விளக்கை அங்கே பொருத்துங்கள்.